காணாததைத் தேடும் மனிதர்

சில மாதங்களுக்கு முன் ஒரு தோட்டத்து வாசகசாலையில், பிரபஞ்சத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். கூட்டம் பெரிதன்று, இருபது பேருக்குள்தான் இருக்கும். நட்சத்திரங்களையும் அவை சுழலும் மண்டலங்களையும் பற்றிக் கூறிய பின், நம் கண்ணுக்கும் கருவிகளுக்கும் புலப்படும் பொருளனைத்தும் சேர்ந்து பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைவே என்றேன். எஞ்சிய பெரும் பங்கு ஒளியை உமிழ்வதுமில்லை, மறைப்பதுமில்லை; அதற்கு இருட்பொருள் என்று பெயர் இட்டிருக்கிறார்கள்; அதன் துகள் ஒன்றையேனும் பிடித்துவிட வேண்டுமென்று அறிஞர் பலர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக மலைகளுக்கடியிலும் பழைய சுரங்கங்களிலும் கருவி வைத்துக் காத்திருக்கிறார்கள்; இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்லி முடித்து அமர்ந்தேன்.

மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்தார். “தம்பி, ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. தோட்டத்து எல்லையில் முனி இருக்கிறது, இருட்டிய பின் அந்தப் பக்கம் போகாதே என்று நான் சொன்னால், ‘கண்ணால் கண்டீரா?’ என்று கேட்கிறீர்கள். இவர்கள் நாற்பது வருஷம் குழிக்குள் உட்கார்ந்து தேடியும் காணாத ஒன்றை உண்டு என்கிறார்கள். அதை மட்டும் நம்பச் சொல்கிறீர்கள். என் முனிக்கும் அவர்கள் முனிக்கும் என்ன வித்தியாசம்?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. “அவர்கள் கற்றறிந்தவர்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்” என்ற பொருளில் ஏதோ கூறினேன். அது பதிலாகாது. பூசாரியின் சொல்லை நம்பாதே, பேராசிரியரின் சொல்லை நம்பு என்று கூறுவதாயின் குருவை மாற்றினோமேயன்றிப் புத்தியை மாற்றினோமில்லை. ஆகவே அக்கேள்விக்குரிய விடையை நிதானமாக யோசித்து இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில், இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்போம். 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்த ஸ்விக்கி என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர், கோமா என்னும் பெருங்கூட்டத்திலுள்ள நட்சத்திர மண்டலங்களின் வேகத்தை ஆராய்ந்தார். அவ்வளவு வேகமாக ஓடுபவை என்றோ சிதறிப் போயிருக்க வேண்டும். சிதறவில்லை. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைக்கப் போதாது; வேறேதோ கட்டிவைத்திருக்கிறது என்றார். பல்லாண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1970-ஆம் ஆண்டில் வேரா ரூபின் என்னும் பெண்மணியும் அவருடன் பணியாற்றிய கென்ட் ஃபோர்டும் நமக்கு அண்மையிலுள்ள ஆண்டிரோமேடா மண்டலத்தின் சுழற்சியை அளந்தார்கள். சூரியனைச் சுற்றும் கிரகங்களில் அருகிலிருக்கும் புதன் விரைந்தோடும். தொலைவிலிருக்கும் நெப்டியூன் மெல்ல நகரும். அதுபோலவே மண்டலத்தின் ஓரத்து நட்சத்திரங்களும் மெல்லச் சுழலவேண்டும். ஆனால் அவை குறையாத வேகத்தில் சுழன்றன. ஓரத்திலும் ஓரத்திற்கப்பாலும் காணாத பொருள் நிறைந்திருந்தாலன்றி அது பொருந்தாது.

ஆக, காணாத ஒன்று ‘உண்டு’ என்று இவர்கள் சொன்னது காரணமின்றியன்று. இலை அசைவதைக் கண்டு காற்றென்று கொள்வதைப் போன்றது அது. ஆயினும் இவ்வளவில் பெரியவருடைய கேள்வி தீர்ந்துவிடவில்லை. “மாடு செத்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, அதனால்தான் முனி உண்டென்கிறேன்” என்று அவரும் கூறலாம். அவரும் அசைந்த இலையைத்தான் காட்டுகிறார். விளைவைக் கண்டு காரணத்தை ஊகிப்பது எல்லா மனிதருக்கும் பொது. ஊகம் சில வேளை பலிக்கும். சில வேளை பலிக்காது.

இதற்கு வானநூல் வரலாற்றிலேயே நல்லதொரு சான்று இருக்கிறது. யுரேனஸ் கிரகம் கணக்குப்படி ஓடாமல் வழி பிசகிற்று. பாரிஸ் நகரத்து லெவெரியே, அதற்கப்பால் இன்னொரு கிரகம் இருந்து இழுக்கிறது என்று கணக்கிட்டு, இன்ன இடத்தில் பார் என்று பெர்லின் வானாராய்ச்சி நிலையத்திற்குக் கடிதம் எழுதினார். 1846-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி கடிதம் கிடைத்த அன்றிரவே காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்ப, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் காட்சியளித்தது. உலகம் வியந்தது. பின்னர் புதனும் சிறிது வழி பிசகுவதை அதே லெவெரியே கண்டார். 1859-ஆம் ஆண்டில் அதே முறையில் கணக்கிட்டு, சூரியனுக்கருகில் காணாத கிரகம் ஒன்று உண்டென்றார். கிராமத்து வைத்தியர் ஒருவர் சூரியன்மேல் கரும்புள்ளியொன்று கடந்ததைக் கண்டதாக எழுத, லெவெரியே நேரில் சென்று விசாரித்துத் திருப்தியடைந்தார். வைத்தியருக்கு அரசாங்க விருது கிடைத்தது. கிரகத்திற்கு வல்கன் என்று நாமகரணமும் ஆயிற்று. அப்படியொரு கிரகம் இல்லவே இல்லை. லெவெரியே 1877-இல் இறக்கும் வரையில் அந்த நம்பிக்கையை விட்டாரில்லை. புதனின் பிசகுக்குக் காரணம் ஈர்ப்பைப் பற்றிய நியூட்டனின் விதியே முழுமையற்றது என்பதென 1915-இல் ஐன்ஸ்டைன் விளக்கினார்.

மனிதர் ஒருவரே, முறையும் ஒன்றே. ஒருமுறை நெப்டியூன், மறுமுறை வல்கன். இருட்பொருள் இவ்விரண்டில் எது? பொருள் ஏதும் புதிதாக இல்லை, ஈர்ப்பு மிக மெலிந்த இடத்தில் அதன் விதிதான் மாறுகிறது என்று 1983-இல் மில்கிராம் என்னும் இஸ்ரேல் அறிஞர் கூறினார். இன்றும் அவர் பக்கம் சிலர் நிற்கிறார்கள். ஆயினும் மண்டலக் கூட்டங்கள் மோதிக்கொண்ட இடத்தில், ஒளிவிடும் வாயு ஒருபுறம் தங்க, ஈர்ப்பு மற்றொருபுறம் விலகி நிற்பதை 2006-இல் அளந்து காட்டினார்கள். இதுபோன்ற சான்றுகளால் தராசு இருட்பொருளின் பக்கமே நன்றாகத் தாழ்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் தாழ்ந்த தராசு கையில் வந்த பொருளாகாது. அதனால்தான் அவர்கள் பூமிக்குள் இறங்கினார்கள்.

ஏன் பூமிக்குள்? நம் உள்ளங்கையை விரித்தால் வானத்திலிருந்து வரும் அண்டக் கதிர்களின் துகள் ஒன்று விநாடிக்கொரு முறை அதனூடே பாய்கிறது. அந்த இரைச்சலில் இருட்பொருளின் மெல்லிய தட்டு கேட்குமா? எனவே மேலே மலையையே கூரையாகப் போட்டுக்கொள்கிறார்கள். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலையடியில் 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே ஒரு கூடம். சீனத்தில் ஜின்பிங் மலையடியில் 2,400 மீட்டர் பாறைக்குக் கீழே மற்றொன்று. அமெரிக்காவின் தென் டகோட்டாவில் 2002-இல் மூடப்பட்ட ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் இன்னொன்று. அந்த ஹோம்ஸ்டேக்கில் இப்போதிருக்கும் கருவியில் 10 டன் செனான் வாயு, உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 100 டிகிரி குளிரில் திரவமாக நிறைந்திருக்கிறது. இருட்பொருளின் துகள் ஒன்று செனான் அணுவின் கருவை இடித்தால் நுண்ணிய ஒளி ஒன்று மின்னும். இடியுண்டு பிரிந்த மின்னணுக்கள் மேலே இழுக்கப்பட்டு இரண்டாவது ஒளியொன்று மின்னும். இரண்டையும் ஒப்பிட்டு, இடித்தது எத்தகையது என்று பிரித்தறிவார்கள். 494 ஒளியுணர் குழாய்கள் இராப்பகலாக விழித்திருக்கின்றன.

அந்த இடத்திற்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ரேமண்ட் டேவிஸ் என்பவர் அதே குகையில் 3,80,000 லிட்டர் சலவைத் திரவத்தைத் தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ண முயன்றார். அவருடைய நண்பர் பாக்கால் கணக்கிட்ட தொகையில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. எண்ணுவதில் தவறு என்றார் சிலர். கணக்கில் தவறு என்றார் சிலர். டேவிஸ் தம் எண்ணிக்கையை நண்பரின் கணக்குக்கு இசைய வளைத்தாரில்லை. பாக்கால் தம் கணக்கை நண்பரின் எண்ணிக்கைக்கு இசையத் திருத்தினாரில்லை. நட்பும் குலையவில்லை. ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து, நியூட்ரினோக்கள் வரும் வழியில் வகை மாறிவிடுகின்றன என்று கனடாவின் சட்பரிச் சுரங்கத்தில் தெளிவாயிற்று. இருவரும் சரியாகவே சொல்லியிருந்தார்கள்! எண்பது வயதைக் கடந்தபின் 2002-இல் டேவிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாக்காலுக்குக் கிடைக்கவில்லை, அது எனக்கு இன்றும் மனக்குறைதான்.

இனி, பெரியவருடைய கேள்விக்கு நேராக வருகிறேன். இருட்பொருளைத் தேடுவோரிடம் நான் மதிப்பது அவர்களுடைய கருவியின் நுட்பத்தை அன்று. தம்மைத் தாமே நம்பாமல் இருப்பதற்கு அவர்கள் செய்துகொண்டிருக்கும் ஏற்பாட்டையே மதிக்கிறேன்.

ஆசைப்பட்டவன் கண் ஆசைப்பட்டதையே காணும். இருபது ஆண்டு ஒன்றைத் தேடியவன், சந்தேகத்திற்கிடமான சிறு பொறியைக் கண்டாலும் ‘அதுவேதான்’ என்று துள்ளுவான். வேண்டாத பொறியைக் கண்டால் ‘கருவிக் கோளாறு’ என்று தள்ளுவான். இதை அறிந்து, ஹோம்ஸ்டேக் குழுவினர் ஒரு விசித்திரமான வேலை செய்கிறார்கள். பதிவுகளுக்கிடையில் பொய்யான பொறிகளை வேண்டுமென்றே கலந்துவிடுகிறார்கள். இதற்கு உப்பிடுதல் என்று பெயர். எது மெய், எது இட்ட உப்பு என்று ஆராய்கிறவர்களுக்குத் தெரியாது. எவ்வெவற்றைத் தள்ளவேண்டும், எவ்வெவற்றைக் கொள்ளவேண்டும் என்ற விதிகளையெல்லாம் முடிவு செய்த பிறகே உப்பு எது என்று வெளியாகும். நல்ல பொறி என்று மனத்திற்குள் மகிழ்ந்திருந்தது உப்பாகப் போய்விடக்கூடும். தம் ஆசைக்குத் தாமே கண்ணி வைத்துக்கொள்ளும் மனிதரை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

கிரான் சாஸ்ஸோவில் நடந்ததையும் சொல்லவேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கிருந்த செனான் கருவிக் குழுவினர் ஒரு செய்தி வெளியிட்டனர். ஒரு குறிப்பிட்ட சக்தி எல்லைக்குள் 232 பொறிகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் 285 பதிவாகியிருந்தன. அதிகப்படியாக 53. புதிய துகளாக இருக்கலாம் என்று உலகெங்கும் கட்டுரைகள் குவிந்தன. அக்குழுவினர் தம் அறிக்கையிலேயே வேறொன்றும் எழுதியிருந்தனர்: டிரிட்டியம் என்னும் ஒருவகை ஹைட்ரஜன் அசுத்தமாகக் கலந்திருந்தாலும் இப்படி ஆகும்; அதற்கு ஒரு கிலோ செனானில் மூன்று அணுக்களுக்கும் குறைவாகவே போதும்; அது இல்லையென்று நிரூபிக்க எங்களால் இயலவில்லை. தம் கையிலிருந்த வைரம் கண்ணாடியாகவும் இருக்கலாம் என்று, விலை கேட்டு வந்தவர்களிடம் தாமே சொல்வது அது. பிறகு இன்னும் பெரிதும் தூயதுமான கருவியைக் கட்டினார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூலையில் முடிவு வந்தது. அதிகப்படி ஏதுமில்லை. தாம் கிளப்பிய நம்பிக்கையைத் தாமே அணைத்து, அதையும் அச்சிட்டு வெளியிட்டார்கள்.

எல்லாரும் அப்படியே என்று நான் வாதிக்கவில்லை. அதே மலையடியில் சோடியம் அயோடைடு படிகங்களை வைத்துக் காத்திருந்த டாமா என்னும் குழுவினர், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தை ஒட்டி எண்ணிக்கை ஏறி டிசம்பரை ஒட்டி இறங்குகிறது என்றும், பூமி இருட்பொருளின் ஊடே ஓடும் வேகம் மாறுவதால் இவ்வாறாகிறது என்றும் 1990-களின் இறுதியிலிருந்து கூறிவந்தனர். அதே வகைப் படிகங்களை வைத்து ஸ்பெயினிலும் கொரியாவிலும் ஆண்டுக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றஇறக்கம் கிட்டவில்லை. டாமா குழுவினர் தம் முடிவைக் கைவிடவில்லை. நம்பிக்கை விஞ்ஞானியையும் பிடிக்கும். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. அவர்களை நம்பு என்றோ நம்பாதே என்றோ யாரும் ஆணையிடவில்லை. அதே படிகத்தை வேறு மலைக்கடியில் வைத்துப் பார்த்தார்கள்.

இவ்விஷயத்தில் நம்மவருக்கும் ஒரு பங்குண்டு என்பதைப் பலர் அறியார். மைசூர் இராஜ்யத்திலிருந்த கோலார் தங்கவயலில், நம் முன்னோர் இந்நாட்டிற்குக் கப்பலேறிய அதே காலத்தில், வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பூமிக்குள் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை குடைந்தார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசியை மூச்சில் வாங்கி நெஞ்சு பழுதாகிச் செத்தவர்கள் உண்டு. தங்கம் எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் குடைந்த அந்தக் குழிகளுக்குள்தான் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் அண்டக் கதிர்களை எண்ணக் கருவி வைத்தார்கள். ஆழம் போகப்போக எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழத்தில், 1960-களின் தொடக்கத்தில், ஏறத்தாழ இரண்டு மாதம் வைத்துப் பார்த்தும் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. வெறும் ஏடு! அந்த வெறும் ஏட்டைப் பார்த்தபோதுதான், இவ்வளவு அமைதியான இடத்தில் நியூட்ரினோவின் தட்டு கேட்கும் என்று அவர்களுக்குத் தோன்றிற்று. 1965-இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் அடையாளத்தை அங்கே கண்டார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றிலும் அதே ஆண்டில் கண்டார்கள். 1980-களில் புரோட்டான் என்னும் துகள் தானே சிதைவதைக் கண்டிருக்கலாம் என்று கோலாரிலிருந்து சில பதிவுகள் வெளியாயின. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதைவிடப் பெரிய கருவிகள் பார்த்து இல்லையென்றன. அந்த எண்ணம் வீழ்ந்தது. கோலாரின் 1965-ஆம் ஆண்டுப் புகழ் அதனால் வீழவில்லை.

பெரியவரின் முனியிடம் திரும்புவோம். முனி இருக்கிறது என்று சொல்லுகிறவரைப் பார்த்து, ‘கண்டீரா?’ என்று நாம் கேட்டது தவறான கேள்வி. நாமும் காணாத பலவற்றைக் கொண்டே வாழ்கிறோம். கேட்டிருக்க வேண்டியது வேறு: ‘என்ன நடந்தால் முனி இல்லையென்று ஒப்புக்கொள்வீர்?’ இரவில் எல்லைக்குப் போனவனுக்குக் காய்ச்சல் வந்தால் முனி அடித்தது; வராவிட்டால் முனி மன்னித்தது. எது நடந்தாலும் முனிக்கே வெற்றி. ஹோம்ஸ்டேக் குழுவினர் அப்படியன்று. இன்ன எடையுள்ள துகள் இன்ன வலிமையுடன் மோதுமானால் இத்தனை நாளில் இத்தனை பொறி தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் அந்த வகைத் துகள் இல்லை என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 280 நாள் பதிவைப் பரிசோதித்து, தெரியவில்லை, ஆகவே இல்லை என்று தாங்களே அறிவித்தார்கள். தோற்பதற்கு இடம் வைத்துவிட்டு நம்புவது ஒன்று; தோல்விக்கே வழியில்லாமல் நம்புவது வேறொன்று. இவ்வளவுதான் நான் கண்ட வித்தியாசம்.

இதைச் சொல்லும்போதே இன்னொரு முள் உறுத்துகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த வகைத் துகள் இல்லையென்றார்கள், சரி. உடனே, இன்னும் மெலிதாக மோதும் துகளாக இருக்கலாம் என்று கணக்கை நகர்த்தினார்கள். அதுவும் இல்லையென்றானபோது இன்னும் மெலிதாக என்றார்கள். தொடக்க காலத்துக் கருவிகளைக் காட்டிலும் லட்சக்கணக்கான மடங்கு நுட்பமான கருவி வந்தாயிற்று. எதிர்பார்ப்பும் அதனுடன் பின்வாங்கிக்கொண்டே போகிறது. ‘முனி மன்னித்தது’ என்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமோ? இக்கேள்வியை விஞ்ஞானிகளிலேயே சிலர் கேட்கிறார்கள், கேட்பது நியாயம். ஒவ்வொரு பின்வாங்கலும் தேதியிட்டு, அளவிட்டு, அச்சாகி நிற்கிறது. விட்ட இடத்தை மீண்டும் பிடிக்க முடியாது என்பதே நான் கூறக்கூடிய சமாதானம். இந்த வழிக்கு ஓர் எல்லையும் தெரியத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் கிரான் சாஸ்ஸோவிலும் ஜின்பிங்கிலும் உள்ள கருவிகள், சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் மெல்லிய இடியைக் கேட்கத் தொடங்கிவிட்டன. அதற்கு மேல் எவ்வளவு பாறையைக் கூரையாகப் போட்டாலும் பயனில்லை. நியூட்ரினோவைப் பாறை தடுப்பதில்லை. அந்த மூடுபனிக்குள் இருட்பொருளைப் பிரித்தறிவது மிகக் கடினம்.

சென்ற வாரம் அதே வாசகசாலைக்குச் சென்று, இவற்றையெல்லாம் பெரியவரிடம் விரிவாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கோலாரைப் பற்றிச் சொன்னபோது, தம் தகப்பனாரின் தமையன் அங்கே போனவர், திரும்பவேயில்லை என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என் முனியைப் பற்றி நீங்கள் கேட்டது சரிதான், தம்பி. வீட்டில் போய் யோசிக்கிறேன். நீங்களும் சில விஷயங்களை ரொம்பத் திடமாக நம்புகிறீர்கள். மேடையில் பேசும்போது தெரிகிறது. என்ன நடந்தால் அவற்றை விட்டுவிடுவீர்கள்? அதையும் எழுதிவைத்திருக்கிறீர்களா?” என்றார்.

இல்லை என்றேன். அடுத்த கூட்டத்திற்குள் எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து ஐந்து நாளாகிறது. தலைப்பில் தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.